28 நாளில் காலாவதியாகும் வானம்

செஸ்னா 172 ரகத்தில் புதிதாக வந்த விமானம் ஒன்றில் ஏறி உட்கார்ந்து மின்சாரத்தைப் போட்டால், எஞ்சின் உயிர் பெறுவதற்கு முன்பே வலப்பக்கத் திரையில் ஒரு பட்டியல் வந்து நிற்கும். வழிகாட்டித் தரவு எந்தத் தேதிவரை செல்லும், நிலத்தின் மேடுபள்ளத் தரவு எப்போது ஏற்றியது, கோபுரங்களின் பட்டியல் எத்தனை பழசு என்று வரிசையாக எழுதியிருக்கும். கெடு தாண்டியவை மஞ்சளில் தெரியும். விமானி ‘என்டர்’ பொத்தானை அழுத்தும்வரை திரை அடுத்த பக்கத்துக்கு நகராது. படித்துவிட்டுத்தான் அழுத்துகிறாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம் இது. 1956 முதல் விற்பனையில் இருக்கிறது. இறக்கையும் உடலும் பெரிதாக மாறவில்லை. ஆனால் முகப்பில் இருக்கும் கார்மின் ஜி1000 கருவிக்குள் கிடக்கும் தரவுக்கு ஆயுள் 28 நாள்தான். மலை இடம் மாறுவதில்லை, ஓடுபாதை எழுந்து நடப்பதில்லை. பிறகு வரைபடத்துக்கு எதற்குக் கெடு?

உள்ளே இருப்பதை வரைபடம் என்று சொன்னால் பாதிதான் சரி. விமானி பார்ப்பது படம். கருவி வைத்திருப்பதோ நீண்ட பட்டியல். விமான நிலையங்கள், ஓடுபாதைகளின் நீளம், அவற்றின் இரு முனைகளின் அட்சரேகை தீர்க்கரேகை, கட்டுப்பாட்டறையோடு பேசும் அலைவரிசைகள், தரையிலிருந்து வழிகாட்டும் ரேடியோ நிலையங்கள், வான்வழிகள், அவற்றில் அங்கங்கே குறித்த புள்ளிகள். இவற்றை எழுதிவைக்கும் முறைக்கு ஏரிங்க் 424 என்று பெயர். 1975இல் வந்தது. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் மிகச் சரியாக 132 எழுத்துகள். அந்தக் காலத்துக் கணினி அச்சுப்பொறி ஒரு வரியில் அடித்ததும் 132 எழுத்துதான். இன்று தொடுதிரையில் வண்ண வண்ணமாகச் சுழலும் வரைபடத்தின் மூலப்பிரதி, இந்த அச்சுப்பொறிக் காலத்து வரிகளே. எத்தனையாவது எழுத்து என்பதை வைத்தே அதன் பொருள். ஓர் எழுத்து இடம் பெயர்ந்தால் உயரம் வேகமாகிவிடும்.

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பறக்கும் முறைகளை எழுதியிருக்கும் விதம். மேகத்துக்குள்ளிருந்து ஓடுபாதைக்கு இறங்கி வரும் பாதையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஈரெழுத்துக் குறி ஒன்று போட்டிருக்கிறார்கள். மொத்தம் 23 குறிகள். ‘டிஎஃப்’ என்றால் இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு நேர்கோடு. ‘ஹெச்எம்’ என்றால் விமானியே போதும் என்று சொல்லும்வரை அதே இடத்தில் வட்டமடி. ‘சிஏ’ விசித்திரமானது: இந்தத் திசையில் பற, இத்தனை அடி உயரம் எட்டியதும் நிறுத்து. அது எங்கே முடியும் என்று தரவுத்தளத்துக்கே தெரியாது. ஜெட் விமானம் விறுவிறுவென்று ஏறி ஓடுபாதையை ஒட்டியே முடித்துவிடும். கோடை மதியத்தில் நான்கு பேரைச் சுமந்து மூச்சு வாங்கும் செஸ்னா பல மைல் தள்ளித்தான் முடிக்கும். வரி ஒன்று, தரையில் வரையும் கோடு இரண்டு. அந்தத் துண்டை மண்ணோடு ஒட்டாமல் விமானத்தின் செயலோடு ஒட்டி எழுதியிருக்கிறார்கள்.

ஆக, இதில் கணிசமான பகுதி மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. இந்த அலைவரிசையில் பேசு, இந்த உயரத்துக்குக் கீழே வராதே, இந்த இடத்தில் இடப்பக்கம் திரும்பு. நிலவியல் மாற நூற்றாண்டுகள் ஆகலாம். ஏற்பாடு அடுத்த வாரமே மாறலாம். மாறும்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மாற வேண்டும் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

தொடக்கத்தில் இந்த ஏற்பாடு ஒரு மனிதரின் சட்டைப்பையில் இருந்தது. எல்ரே ஜெப்பெசன் 1930 வாக்கில் அமெரிக்காவில் தபால் மூட்டைகளை ஏற்றிப் பறந்த விமானி. மலைப்பகுதிகளில் சக விமானிகள் மோதிச் சாவதைப் பார்த்தவர், பத்து சென்ட் கொடுத்து ஒரு கறுப்புக் குறிப்பேடு வாங்கினார். இறங்கும் திடல்களின் நீளமும் சரிவும், அருகிலுள்ள மரங்களும் கம்பிகளும், வானிலை கேட்டால் சொல்லக்கூடிய விவசாயிகளின் தொலைபேசி எண்கள் என எல்லாவற்றையும் அதில் எழுதிவைத்தார். விடுமுறை நாளில் உயரமானியைத் தூக்கிக்கொண்டு குன்றுகளிலும் புகைபோக்கிகளிலும் ஏறி அளந்தார். மற்ற விமானிகள் பிரதி கேட்க ஆரம்பித்ததும், 1934இல் பத்து டாலருக்கு விற்கத் தொடங்கினார். அவர் பெயரில் வளர்ந்த நிறுவனம் இன்றும் செஸ்னாவுக்குத் தரவு விற்கிறது. பல சிறு விமான உரிமையாளர்கள் இந்தப் பெயரை உச்சரிப்பது ஆண்டுச் சந்தா கட்டும்போது மட்டும்தான், அதுவும் முனகலோடு.

நாடுகள் எல்லாம் தங்களுக்குத் தோன்றிய நாளில் மாற்றங்களை அறிவித்துக்கொண்டிருந்தால் ஜெப்பெசன் போன்ற பத்துப் பேர் இருந்தாலும் சமாளிக்க முடியாது. எனவே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1964இல் ஒரு விதி செய்தது. வான்வழி மாற்றங்கள் 28 நாளுக்கு ஒருமுறை, ஒரு வியாழக்கிழமையில் மட்டுமே நடப்புக்கு வரும். எந்தெந்த வியாழன் என்பதும் முன்கூட்டியே தீர்மானித்தது. இந்தியாவில் விமான நிலைய ஆணையம் வெளியிடும் மாற்றங்களும் இதே கணக்குக்குக் கட்டுப்பட்டவை. ‘ஏராக்’ என்று சுருக்கமாக அழைக்கும் இதை விமானப் போக்குவரத்தின் பஞ்சாங்கம் எனலாம். அடுத்த சில ஆண்டுகளுக்கான தேதிகளை இப்போதே சொல்லிவிடலாம். ஆண்டுக்கு 13 சுற்று. 28ஐ 13ஆல் பெருக்கினால் 364தான் வரும் என்பதால் தேதி ஆண்டுக்கு ஓரிரு நாள் பின்னோக்கி நழுவும். 2020ஆம் ஆண்டின் முதல் சுற்று ஜனவரி 2இல் தொடங்கியதால், டிசம்பர் 31 அன்று பதினான்காவது சுற்றும் அதே ஆண்டுக்குள் வந்து விழுந்தது. ஆண்டின் கடைசி இரு இலக்கத்தோடு சுற்றின் எண்ணைச் சேர்த்துப் பெயரிடுவது வழக்கம். அதன்படி அதன் பெயர் 2014. ஆறு வருடப் பழைய தரவை ஏற்றிவிட்டோமோ என்று யாராவது திடுக்கிட்டிருந்தால் ஆச்சரியமில்லை.

மாற்றம் குறித்த ஆவணம், அது நடப்புக்கு வருவதற்குக் குறைந்தது 28 நாள் முன்பே பயனாளர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்காக 42 நாள் முன்பு அனுப்பிவிடுவார்கள். பெரிய மாற்றமென்றால் 56 நாள். இதன் விளைவை விமானி மறக்கக் கூடாது. வியாழன் காலையில் சுடச்சுட ஏற்றிய தரவும் உண்மையில் சில வாரங்களுக்கு முன் முடித்துவைத்த கணக்குதான். நேற்று பழுதான ரேடியோ நிலையம், இன்று காலை மூடிய ஓடுபாதை, கட்டுமானத்துக்காக நிறுத்திய கிரேன் எதுவும் அதில் இராது. அவை ‘நோட்டாம்’ என்ற தனி அறிவிப்பாக வரும். அதை விமானியே தேடிப் படிக்க வேண்டும். திரையில் தேதி மஞ்சளாக இல்லையென்றால் எல்லாம் சரி என்று நினைப்பவருக்கு இது உறைக்காது.

அப்படி என்னதான் மாறுகிறது? முதல் குற்றவாளி பூமியின் காந்தம். ஓடுபாதையின் எண் என்பது, அது காந்த வடக்கிலிருந்து எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்பதைப் பத்தால் வகுத்து முழுமையாக்கியது. சென்னை மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதை 07/25 என்றால், ஒரு முனையிலிருந்து ஏறத்தாழ 70 டிகிரியும் மறுமுனையிலிருந்து 250 டிகிரியும். காந்த வடதுருவம் கனடாவிலிருந்து சைபீரியாவை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. அண்மைப் பத்தாண்டுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகம். தார்ச்சாலை அங்கேயே கிடக்க, எண் மட்டும் பொய்யாகிவிடுகிறது. லண்டனுக்கு அருகே ஸ்டான்ஸ்டெட்டின் 05/23 ஓடுபாதை 2009இல் 04/22 ஆனது. அமெரிக்காவின் டாம்பா நகரில் 2011இல் 18 என்பது 19 ஆனது. தரையில் பெரிய எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பெயின்ட் அடித்தார்கள், பலகைகளை மாற்றினார்கள், அந்த ஓடுபாதைக்கான இறங்குமுறைகள் அத்தனையையும் பெயர் மாற்றினார்கள்.

இதைவிட நுட்பமான ஒரு தொல்லை விஓஆர் எனும் தரை ரேடியோ நிலையங்களில் இருக்கிறது. அதை நிறுவும்போது அன்றைய காந்த வடக்குக்கு ஏற்பத் திருப்பி வைக்கிறார்கள். பிறகு காந்தம் நகர்ந்தாலும் நிலையத்தை அடிக்கடி தொடுவதில்லை. தொட்டால் அதை நம்பியிருக்கும் வான்வழிகள் அத்தனையையும் மாற்றி எழுத வேண்டும். ஆகவே ஒவ்வொரு விஓஆரும் தான் பிறந்த காலத்து வடக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தரவுத்தளத்தில் அந்தந்த நிலையத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே அதன் பழைய காந்த ஒதுக்கத்தையும், அதாவது உண்மை வடக்கிலிருந்து காந்த வடக்கு விலகியிருந்த கோணத்தையும், எழுதிவைத்திருக்கிறார்கள். ஜிபிஎஸ் கருவி ஒரு வான்வழியை வரையும்போது இன்றைய வடக்கை ஒதுக்கிவிட்டு, அந்த நிலையத்தின் வடக்கையே எடுத்துக் கணக்கிட வேண்டும். நாற்பதாண்டுக்கு முந்தைய காந்தப்புலத்தின் தடயத்தைச் செயற்கைக்கோள் கருவி ஒன்று சுமந்துகொண்டு பறக்கிறது. போதாதென்று, இந்த நிலையங்களையே அமெரிக்கா படிப்படியாக மூடி வருகிறது. 2016இல் அறிவித்த திட்டப்படி ஏறத்தாழ 900இல் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஒன்றை மூடினால் அதன் வழியே போன வான்வழிகள் எல்லாம் மறுவரைவுக்கு வரும்.

இனி செஸ்னாவுக்குத் திரும்பலாம். தரவு இணையத்திலிருந்து கணினிக்கு வந்து, அங்கிருந்து ஓர் எஸ்டி அட்டைக்குப் போகிறது. கேமராவில் போடும் அதே அட்டைதான். ஜி1000 கருவியின் ஒவ்வொரு திரைக்கும் இரண்டு துளைகள் உண்டு. கீழ்த்துளையில் நிலப்பரப்புத் தரவின் அட்டை நிரந்தரமாகக் குடியிருக்கும். வழிகாட்டித் தரவின் அட்டைக்கு மேல்துளை. மின்சாரம் இல்லாதபோது, பெயரொட்டிய பக்கம் இடப்புறம் பார்க்கும்படி செருக வேண்டும். பிறகு சுவிட்சைப் போட்டால், திரை கறுப்பில் வெள்ளை எழுத்தாக, புதுப்பிக்கவா என்று கேட்கும். என்டர். சற்று நேரம் காத்திருந்து, அணைத்து, அட்டையை உருவி, அடுத்த திரையின் மேல்துளையில் செருகி மறுபடியும் முதலிலிருந்து. இரண்டு திரைகளும் தங்களுக்கென்று தனித்தனிப் பிரதி வைத்திருப்பதால் ஒன்றுக்குச் செய்துவிட்டு மற்றதை மறந்தால், தரவு பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வந்து நிற்கும். அதோடு திரைகள் இரண்டும் தங்களுக்குள் பேச்சையே நிறுத்திக்கொள்ளும். எஞ்சின் ஓடாமல் இத்தனையும் நடப்பதால் பேட்டரி இறங்கும் கவலையும் உண்டு. வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க வசதியுள்ளவர்கள் கொடுப்பார்கள்.

கார்மினின் முந்தைய தலைமுறைக் கருவி, 1998இல் வந்த ஜிஎன்எஸ் 430. அதன் அட்டையைக் கழற்றி, தனியாக விற்ற எழுதுகருவி ஒன்றில் பொருத்தி, கணினியோடு இணைத்து எழுத வேண்டும். 2016இல் வந்த ஃப்ளைட் ஸ்ட்ரீம் 510, அட்டை நடையையே குறைத்துவிட்டது: வீட்டில் டேப்லெட்டில் இறக்கிக்கொண்டு வந்து, விமானத்தில் உட்கார்ந்ததும் வைஃபை வழியே அனுப்பிவிடலாம். புதிய கருவிகளில் அடுத்த சுற்றை முன்கூட்டியே ஏற்றிவைக்கவும் முடியும். உரிய வியாழனுக்குப் பிறகு முதன்முறை மின்சாரம் போடும்போது அது பழையதை ஓரங்கட்டிவிட்டுத் தானே பொறுப்பேற்கும்.

ஓர் அட்டையைச் செருகுவது விமானப் பராமரிப்பா இல்லையா என்று அமெரிக்கச் சட்டம் நெடுநாள் தலையைப் பிய்த்துக்கொண்டது. பராமரிப்புதான் என்று முதலில் வகைப்படுத்தினார்கள். சொந்த விமானம் ஓட்டுபவருக்கு அதனால் பெரிய தொல்லையில்லை. சிறு பராமரிப்புகளைச் செய்ய அவருக்கு உரிமை இருந்தது. வாடகை விமானம் ஓட்டும் விமானிக்கு அந்த உரிமை இல்லை. மேகத்துக்குள் பயணிகளோடு இறங்கும் தகுதி அவருக்கு உண்டு, அட்டை செருக மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். 2012இல்தான் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இதைப் பராமரிப்புப் பட்டியலிலிருந்து நீக்கி, கருவியைப் பிரிக்காமல் செய்ய முடியுமானால் விமானிகளே செய்யலாம் என்றது.

இவ்வளவு கைமாறி வரும் தரவில் ஓர் எழுத்து வழியில் கெட்டுப்போயிருந்தால்? இங்கேதான் எளிய கணிதம் கைகொடுக்கிறது. கோப்பு முழுவதையும் ஒரே பிரம்மாண்ட எண்ணாகப் பாவித்து, நிர்ணயித்த ஓர் எண்ணால் வகுத்து, மீதியைக் கோப்போடு ஒட்டி அனுப்புகிறார்கள். வாங்கும் கருவி தானும் வகுத்துப் பார்க்கிறது. 58,213ஐ 97ஆல் வகுத்தால் மீதி 13. வழியில் இரண்டு இலக்கம் இடம் மாறி 58,231 என்று வந்து சேர்ந்தால் மீதி 31; உடனே பிடிபட்டுவிடும். நிஜத்தில் வகுப்பது இருமை எண்களில், மீதி 32 பிட் நீளம். தாறுமாறாகச் சிதைந்த ஒரு கோப்பு தற்செயலாகச் சரியான மீதியைத் தரும் வாய்ப்பு ஏறத்தாழ 430 கோடியில் ஒன்று. செயற்கைக்கோள் துணையோடு தரையிலிருந்து 200 அடிவரை இறங்க அனுமதிக்கும் துல்லிய முறைகளில், அந்தக் கடைசிப் பாதையின் தரவுக்கு மட்டும் தனி மீதி உண்டு. அமெரிக்காவில் அதை முறையை வரைந்த அரசு அலுவலகமே கணக்கிட்டுக் கொடுக்கும். இடையில் எத்தனை நிறுவனம் கைவைத்தாலும் விமானத்தின் கருவியே இறுதியில் சரிபார்க்கும். சர்வதேச விதிகளும் தரவைத் தரம் பிரிக்கின்றன. சாதாரணத் தகவலில் பிழை ஆயிரத்தில் ஒன்று இருக்கலாம். முக்கியமானதில் லட்சத்தில் ஒன்று. ஓடுபாதை முனையின் இருப்பிடம் போல உயிர் சம்பந்தப்பட்டதில் பத்துக் கோடியில் ஒன்றுதான்.

ஆனால் மீதி சொல்வது, புறப்பட்டதும் வந்து சேர்ந்ததும் ஒன்றே என்பதை மட்டும். புறப்பட்டதை மனிதர் எப்படிப் புரிந்துகொள்வார் என்று அதற்குத் தெரியாது.

1995 டிசம்பர் 20 இரவு, மயாமியிலிருந்து கொலம்பியாவின் காலி நகருக்கு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965 வந்துகொண்டிருந்தது. போயிங் 757, உள்ளே 163 பேர். இரண்டு மணி நேரத் தாமதம். இருபுறமும் மலை, நடுவே நீண்ட பள்ளத்தாக்கு. தரையில் ரேடார் கண்காணிப்பு இல்லை. நகரைத் தாண்டிப் போய்த் திரும்பி இறங்குவதாக இருந்தவர்களிடம், வடக்கிலிருந்து நேராகவே இறங்கலாமே என்றார் கட்டுப்பாட்டாளர். நேரம் மிச்சமாகும் என்று விமானிகள் ஒப்புக்கொண்டார்கள். அதன்பின் எல்லாமே அவசரம். போக வேண்டிய வழியில் ரோசோ என்றொரு ரேடியோ நிலையம் இருந்தது. காகித வரைபடத்தில் அதன் அடையாளம் ‘ஆர்’. விமானத்தின் கணினியில் ‘ஆர்’ என்று தட்டினார்கள். வந்த பட்டியலில் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அது போகோட்டாவுக்கு அருகே, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ரோமியோ. இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே அலைவரிசை. ஒரே நாட்டில் இரண்டு ‘ஆர்’ இருந்ததால், தரவுத்தளத்தில் அந்த எழுத்து ரோமியோவுக்குப் போயிருந்தது. ரோசோவை முழுப்பெயரைத் தட்டித்தான் எடுக்க முடியும். வரைபடம் அதைச் சொல்லவில்லை. தானியங்கி விமானத்தை இடப்பக்கம், கிழக்கே, மலைகளை நோக்கித் திருப்பியது. விமானிகள் உணர்ந்து மீண்டும் வலப்பக்கம் திருப்புவதற்குள் பள்ளத்தாக்கின் எல்லையைத் தாண்டியிருந்தார்கள். புகா ஊருக்கு அருகே மலையில் மோதி 159 பேர் இறந்தார்கள். நால்வர் பிழைத்தார்கள்.

கொலம்பிய விசாரணை முதன்மையாக விமானிகளின் முடிவுகளைச் சுட்டியது. 2000ஆம் ஆண்டில் மயாமி நீதிமன்ற ஜூரி பொறுப்பைப் பங்கு போட்டுக் காட்டியது: விமான நிறுவனத்துக்கு 75 சதவீதம், தரவைத் தந்த ஜெப்பெசனுக்கு 17, கணினியைச் செய்த ஹனிவெல்லுக்கு 8. இந்தக் கணக்கு எனக்கு நியாயமாகவே படுகிறது. பிழையான இலக்கம் என்று ஒன்றும் அங்கே இல்லை. தரவுத்தளம் தன் விதிப்படி சரி, காகிதம் தன் விதிப்படி சரி. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

வான்புள்ளிகளுக்கு உச்சரிக்கக்கூடிய ஐந்தெழுத்துப் பெயர், அதுவும் உலகில் வேறெங்கும் இல்லாததாக வேண்டும் என்ற விதி இத்தகைய குழப்பத்தைத் தவிர்ப்பதற்குத்தான். விதியை மதித்தபடியே குறும்பும் செய்கிறார்கள். அமெரிக்காவின் போர்ட்ஸ்மவுத்தில் இறங்கும் முறை ஒன்றின் புள்ளிகளை வரிசையாகப் படித்தால், கார்ட்டூன் குருவி ட்வீட்டி பூனையைப் பார்த்துவிட்டு மழலையில் சொல்லும் வாசகம் வரும். கன்சாஸ் சிட்டியில் இறங்குபவர்கள் பார்பெக்யூ, காரம், புகை என்று அந்த ஊர் இறைச்சிச் சமையலின் பெயர்களைக் கடந்து வருவார்கள்.

செஸ்னா விமானிக்கு வருவோம். அவர் கண்ணால் பார்த்துத் தெளிந்த வானில் பறப்பவர் என்றால், தரவு காலாவதியாகியிருந்தாலும் அமெரிக்காவில் சட்டம் தடுக்காது. மேகத்துக்குள் கருவியை நம்பிப் பறப்பவருக்குப் புதிய தரவு வேண்டும். சந்தா சில நூறு டாலர் என்பதால், மழைக்காலத்தில் மட்டும் புதுப்பிப்போம் என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு. பெரும்பாலான வரிகள் போன சுற்றில் இருந்தபடியேதான் இருக்கின்றன என்பது அவர்கள் வாதம். உண்மைதான், மாறிய வரி எது என்று தெரிந்திருந்தால். அதைக் கண்டுபிடிக்கும் வழி ஒவ்வொரு இறங்குமுறைத் தாளின் ஓரத்திலும் அச்சாகியிருக்கிறது: எத்தனையாவது திருத்தம், எந்தத் தேதி. அந்தத் தேதி கருவியிலுள்ள தரவின் தேதிக்கு முந்தையது என்றால் அந்த முறை மாறவில்லை.

புதிய தரவு வைத்திருப்பவருக்கும் வேலை இருக்கிறது. முறையைத் திரையில் ஏற்றியபின், தாளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு துண்டு துண்டாக ஒப்பிடுகிறார்கள்: திசை, தூரம், உயரம். காந்த ஒதுக்கத்தின் காரணமாக ஓரிரு டிகிரி வேறுபடலாம், அது பரவாயில்லை. பெயர் ஒன்றாக இருந்து தூரம் இருபது மைல் வேறுபட்டால் கையை எடுத்துவிட வேண்டும்.

அமெரிக்காவில் புதிய சுற்று நடப்புக்கு வருவது அந்த வியாழன் அன்று உலகப் பொது நேரம் 9:01 மணிக்கு. நியூயார்க்கில் குளிர்காலமானால் அதிகாலை 4:01. புதன் இரவு கிளம்பி விடியற்காலையில் சேரும் ஒரு சின்ன விமானம், நடுவானில் இருக்கும்போதே அதன் தரவு காலாவதியாகிவிடும். கருவி பறக்கும்போது புதியதற்குத் தாவாது. அடுத்த முறை மின்சாரம் போடும்வரை பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். எனவே கிளம்புவதற்கு முன்பே, போய்ச் சேரும் ஊரின் தாள்களில் வியாழன் தேதியிட்டது ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எஞ்சினைக் கிளப்புவார்கள்.